கயிற்றின் மறுமுனையில்

ஏட்டைப் பார்த்துக் கற்பது ஒரு கல்வி. நாட்டைப் பார்த்துக் கற்பது மற்றொரு கல்வி. இவ்விரண்டும் அல்லாமல், கையாலும் காலாலும் கற்கின்ற கல்வி ஒன்றும் உண்டு என்பதைச் சென்ற ஜனவரித் திங்களில் நாங்கள் அறிந்தோம். பதினோராம் வகுப்பு மாணவியர் 22 பேரும், இரண்டு சிஸ்டர்களும், எங்கள் விளையாட்டு ஆசிரியையும் கர்நாடக மாநிலத்தில் அர்க்காவதி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று நாள் தங்கிப் பாறை ஏறப் பயின்று வந்தோம். அங்கே பெற்ற இன்பத்தையும், அச்சத்தையும், அவற்றினூடே கற்றுக்கொண்ட ஒன்றையும் தங்கையரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

பாறை ஏறுவதைவிடக் கடினமாயிருந்தது, அனுமதிக் கடிதத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதே! எங்கள் வகுப்பில் 41 பேர். வந்த கையெழுத்துகள் 22 தாம். "விழுந்து கைகால் ஒடிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றார் ஒரு தந்தை. "படிக்கட்டு இருக்கிற மலையாகப் பார்த்துப் போகக்கூடாதா?" என்றார் ஒரு பாட்டி. எங்களில் ஒருத்தியின் தாயார் கடைவீதியில் பூக்கட்டி விற்பவர். அவர் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் பள்ளிக்கு நேரில் வந்து, "கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறுவோம் என்கிறாள். அந்தக் கயிற்றை யார் பிடித்துக்கொள்வார்கள், சிஸ்டர்?" என்று கேட்டார். "பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருப்பார்கள், அம்மா" என்று சிஸ்டர் சொன்ன பிறகே கையெழுத்திட்டார். அவர் கேட்டது எத்துணைச் சரியான கேள்வி என்பது, அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று.

பெங்களூருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மாகடிக்கு அருகில், சாவனதுர்கா என்னும் பெரும் பாறைமலை நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 1226 மீட்டர். 1791 டிசம்பரில், திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின்போது, காரன்வாலிஸ் பிரபுவின் படை கைப்பற்றிய மலைக்கோட்டை இதுவே. மலையைச் சுற்றிக் காடு. காட்டை ஒட்டிய பள்ளத்தாக்கில் அர்க்காவதி. நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு மஞ்சனபெலே அணையில் தேங்கி, குன்றுகளுக்கிடையே புகுந்து, இராமநகரத்தைக் கடந்து, சங்கமம் என்னுமிடத்தில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரிதான் மேகேதாட்டுப் பாறை இடுக்கில் நுழைந்து, ஒகேனக்கல் வழியாக நம் மாநிலத்துக்கு வந்து சேர்கிறது. "அப்படியானால் இது நம் ஆறும்தான்!" என்று சொல்லிக்கொண்டே கால் நனைத்தோம். நீந்துவதற்கு மட்டும் அனுமதியில்லை. சுழலில் சிக்கி மாண்டவர் உண்டு என்று ஊரார் எச்சரித்தனர்.

நாங்கள் ஏறிய பாறைக்கு நிலப்படத்தில் பெயரில்லை. வேன் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் காட்டுவழியே நடக்க வேண்டும். வனத்துறையின் அனுமதி பெற்றிருந்தோம். கரடியும் சிறுத்தையும் உலவும் காடாதலால், மாலை நான்கரை மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது கட்டளை. மூங்கிற் புதர்களையும் ஆற்றோர மருத மரங்களையும் தாண்டிச் சென்றோம். பேச்சுச் சத்தம் தானாகவே குறைந்தது. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. அடடா! ஆற்றிலிருந்து எழுந்தாற்போல் செங்குத்தாக ஒரு சாம்பல்நிறச் சுவர்! அண்ணாந்து பார்த்த எங்கள் தலைத்துண்டுகள் நழுவி விழுந்தன. "இதிலா ஏறப் போகிறோம்?" என்று ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

எங்களுக்குப் பயிற்சி அளித்தவர்கள் இருவர். நரைத்த தலையோடு கூடிய மாஸ்டர் ஒருவர். அவரிடம் பயின்று தாமும் பயிற்சியாளரான பெங்களூர்ப் பெண்மணி ஒருவர். கன்னடம் கலந்த தமிழில் அழகாகப் பேசிய அவரை முதல் நாளே 'அக்கா' என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம். அக்கா எங்களை முதலில் ஏறச் சொல்லவில்லை. பாறையைத் தொட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

"இது யாருக்கும் புதிய கல் அல்ல. உங்கள் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் இதன் உறவுதான்" என்றார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாய் இருந்து, மெல்ல மெல்ல ஆறி இறுகிய கிரானைட் அது. மெல்ல ஆறியதால்தான் அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியன. இளஞ்சிவப்பாய்த் தெரிவது ஃபெல்ஸ்பார். கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ். கருமையாய் மின்னுவது மைக்கா. இராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட்டை. மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த பாரி குளோஸ் என்பவரின் பெயரால் அமைந்தது. ஆகவே புவியியலார் இக்கல்லைக் 'குளோஸ்பேட்டை கிரானைட்' என்கின்றனர். வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு இது ஓடுகிறதாம்.

"அம்மி வழவழப்பானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் அக்கா. "கொத்துவோம்" என்றோம். "ஏன்?" "வழவழப்பில் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு போகும்." "இந்தப் பாறையை வெயிலும் மழையும் கொத்தி வைத்திருக்கின்றன. அந்தச் சொரசொரப்புத்தான் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளும்" என்றார். பௌதிகப் பாடத்தில் உராய்வு விசையைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியவர்கள் நாங்கள். ஆனால் உராய்வு என்றால் என்னவென்று அன்றுதான் புரிந்தது.

பிறகு ஆயத்தங்கள். வளையல், மோதிரம், தோடு எல்லாம் கழற்றிச் சிஸ்டரின் பையில் சேர்ந்தன. பாறை இடுக்கில் மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலுக்கே ஆபத்து. தலையில் பூ கூடாது. வாசனைத் தைலமும் கூடாது. பாறை விளிம்புகளில் மலைத்தேனீக்கள் அடை கட்டுகின்றன. மணம் அவற்றைக் கிளப்பிவிடும். நீண்ட சடைகளை முறுக்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டோம். கயிறு ஓடும் இரும்பு வளையத்தில் சடை சிக்கினால் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான்! முழங்கால் வரை சடை வளர்த்துப் பள்ளியெங்கும் பெருமை பெற்றவள், அன்று மட்டும் பாப் முடிக்காரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்துக் கட்டும் பட்டை, தலைக்கவசம், கொக்கி வளையம், கயிறு — இவையே கருவிகள். கொக்கி வளையத்தைக் காரபைனர் என்பர். உள்ளங்கையில் அடங்கும் அது 2 டன் எடையைத் தாங்குமாம். கயிறு நைலானால் ஆனது; உள்ளே சரங்கள், வெளியே பின்னிய உறை. விழுபவரின் வேகத்தைத் தான் சற்றே நீண்டு வாங்கிக்கொள்ளும். கயிற்றை மிதிக்கலாகாது, மிதித்தால் மணல் உள்ளே புகுந்து இழைகளை அறுக்கும். மிதித்தவர் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்றார் மாஸ்டர். புத்தகத்தை மிதித்தால் நாம் செய்வதுதானே! எங்களுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. அன்று காலை முழுவதும் எட்டு முடிச்சு ஒன்றையே போட்டோம், அவிழ்த்தோம், மறுபடி போட்டோம். "உன் முடிச்சை நீ பார்த்தால் போதாது, உன் ஜோடியும் பார்க்க வேண்டும்" என்பது விதி.

ஜோடியா? ஆம். பூக்கார அம்மாவின் கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. உச்சியில் ஆணியடித்துப் பொருத்திய காரபைனர்கள் வழியாகக் கயிறு சென்று திரும்புகிறது. ஒரு முனை ஏறுபவளின் இடுப்பில். மறுமுனை கீழே நிற்பவளின் கையில். ஏறுபவள் மேலே செல்லச் செல்லக் கீழே நிற்பவள் தொய்வை இழுத்து வாங்க வேண்டும். அவள் கால் வழுக்கினால் இவள் கயிற்றை இறுக்கி நிறுத்த வேண்டும். மாஸ்டரும் அக்காவும் பின்னால் நின்று கயிற்றின் வாலைப் பிடித்துக் கண்காணிப்பார்கள். ஆனால், "கயிற்றைப் பிடிப்பவர்கள் யார்?" என்றால், "நீங்கள்தாம்!"

எங்களுக்குள் ஒரு பெரும் அமைதி நிலவியது. சுவரைப் பார்த்தபோது வந்த அச்சம் வேறு. இது வேறு. ஏறுவதற்கு அஞ்சாதவர்கள்கூடப் பிடிப்பதற்கு அஞ்சினார்கள்.

ஜோடிகளை அக்காவே பிரித்தார். தோழிக்குத் தோழி என்று அல்ல, எடைக்கு எடை. பிடிப்பவள் மிகவும் மெலிந்தவளாயிருந்தால், மேலே ஒருத்தி வழுக்கும்போது கீழே உள்ளவள் தூக்கப்பட்டுவிடுவாள். ஆகவே எல்லாரும் எடையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் அக்காவின் காதில் மட்டும் சொன்னார்கள். இப்படிப் பிரித்ததில், பூக்கார அம்மாவின் மகளுக்கு வாய்த்த ஜோடி யார் தெரியுமா? காலாண்டுத் தேர்விலிருந்து அவளோடு ஒரு வார்த்தையும் பேசாதவள்! சண்டையின் காரணத்தை இங்கே எழுதுவது நாகரிகமன்று. ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் இரண்டு மூலைக்குப் பிரிந்தார்கள் என்பது மட்டும் வகுப்பு முழுவதும் அறிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவிடம் சொல்லலாமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அதற்குள் அவ்விருவரும் எழுந்து நின்றுவிட்டனர்.

பாறை ஏறுவதில் கைக்கு அவ்வளவு வேலையில்லை என்றால் நம்புவீர்களா? சாய்வான கிரானைட்டில் எல்லாம் கால்தான். குதிகாலைத் தாழ்த்தி, பாதத்தின் முன்பகுதி முழுவதையும் கல்லில் பதித்து, அதன்மேல் நம்பி நிற்க வேண்டும். கையோ சமநிலைக்கு மட்டும். நான்கு உறுப்புகளில் மூன்று எப்போதும் கல்லில் இருக்க, ஒன்றுதான் நகர வேண்டும். எங்கள் எல்லாருக்கும் பயத்தில் தோன்றியதோ, பாறையைக் கட்டிக்கொள்ளத்தான்! "கட்டிப்பிடிக்காதே! நிமிர்ந்து நில்!" என்று அக்கா கீழிருந்து கத்திக்கொண்டே இருந்தார். உடல் பாறையோடு சாய்ந்தால் பாதம் கல்லை அழுத்தாமல் வெளிப்புறமாய்த் தள்ளும், உராய்வு குறையும், வழுக்கும். நிமிர்ந்து நின்றால் எடை பாதத்தின் வழியே கல்லில் இறங்கும். பயம் சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

"கயிறு தயாரா?" "தயார்!" "ஏறுகிறேன்." "ஏறு!" என்ற குரல்கள் பள்ளத்தாக்கில் எதிரொலித்தன. நான்கு மீட்டரில் ஒருத்தி அழுதாள். ஆறு மீட்டரில் ஒருத்தியின் கால் தையல் மிஷின் ஊசிபோல் கிடுகிடுவென்று ஆடியது. உலகெங்கும் மலையேறுவோர் அதனைத் தையல் மிஷின் கால் என்றே அழைக்கிறார்களாம். ஐவர் உச்சியைத் தொட்டனர். பலர் பாதியில் இறங்கினர். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவ்விருவரின் முறை வந்தது. முடிச்சைச் சோதிக்க வேண்டும் என்ற விதியால், பேசாதவள் மற்றவளின் இடுப்புப் பட்டையருகே குனிந்து முடிச்சின் ஒவ்வொரு மடிப்பையும் தொட்டுப் பார்த்தாள். "கயிறு தயாரா?" என்ற கேள்விக்குத் தலையை மட்டும் அசைத்தாள். "வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மேலே போனால் உன் தலை தெரியாது" என்றார் மாஸ்டர். "தயார்" என்றாள்.

மேலே ஏறியவள் நன்றாகவே ஏறினாள். பத்து மீட்டர் உயரத்தில் பாறை சற்றே புடைத்திருக்கும். அதைத் தாண்டக் காலை உயர்த்தினாள். மறுகால் வழுக்கியது. "ஐயோ!" என்று நாங்கள் அலறிய குரல் ஓயுமுன், கயிறு விறைத்து நின்றது. அரை மீட்டர்தான் இறங்கியிருப்பாள். தலைக்கவசம் பாறையில் தட்டிய ஓசை கேட்டது. பிறகு ஆற்றின் ஓசை மட்டுமே. கீழே நின்றவள் இரண்டு கையாலும் கயிற்றை இடுப்போடு சேர்த்து இறுக்கி, சற்றே பின்னால் சாய்ந்து, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடிச்சிருக்கேன்டி!" என்று உரக்கச் சொன்னாள். நான்கு மாதத்துக்குப் பின் அவளிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மேலே இருந்தவள் சற்று நேரம் பேசவில்லை. பின், "விடாதே" என்றாள். "விடமாட்டேன். வலது கால் பக்கத்தில் ஒரு குழி இருக்கு, பார்" என்றாள் இவள். அந்தக் குழியில் கால் வைத்து அவள் புடைப்பைத் தாண்டினாள். உச்சியையும் தொட்டாள். இறங்கி வந்ததும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அப்படியொன்றும் நடக்கவில்லை. "உன் கை சிவந்திருக்கே" என்றாள் ஒருத்தி. "தண்ணி குடி" என்றாள் மற்றவள். அவ்வளவே. ஆனால் திரும்பி வரும்போது வேனில் அவ்விருவரும் பேசிய பேச்சில் எங்களால் தூங்க முடியவில்லை! ஊர் திரும்பிய மறுநாள் முதல், பூக்கார அம்மா மகளிடம் இரண்டு சரம் பூக் கொடுத்து அனுப்புகிறார். ஒன்று அவளுக்கு, மற்றொன்று கயிற்றைப் பிடித்தவளுக்கு.

இரண்டாம் நாள் மாலை கூடாரத்தின் முன் அமர்ந்து, அக்கா பெண் மலையேறிகளைப் பற்றிச் சொன்னார். 1975 மே 16இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண்மணி ஜப்பானின் ஜுன்கோ தாபெய். 1984 மே 23இல் அங்கே சென்ற முதல் இந்தியப் பெண்மணி பச்சேந்திரி பால். இவர்களைப் பொது அறிவுப் போட்டிக்காக நாங்கள் அறிந்திருந்தோம். நாங்கள் அறியாதவர் அமெரிக்காவின் லின் ஹில். அந்நாட்டின் யோசமிட்டியில், மெர்சிட் ஆறு ஓடும் காட்டுப் பள்ளத்தாக்கில், எல் கேப்பிட்டன் என்னும் கிரானைட் சுவர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. அதன் 'மூக்கு' எனப்படும் வழியில் 1958இல் முதன்முதலாக ஏறியவர்கள் ஆணிகளையும் கயிறுகளையும் பற்றி ஏறினார்கள். கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தம் கையாலும் காலாலும் மட்டுமே அதில் ஏற ஆண்கள் பலர் முயன்றும் இயலவில்லை. 1993இல் முதன்முதலாக அதைச் செய்து முடித்தவர் ஐந்தடி இரண்டங்குல உயரமே உள்ள லின் ஹில். அடுத்த ஆண்டு ஒரே நாளில் அதைத் திரும்பவும் செய்தார்.

"அவருக்குக் கயிறு பிடித்தது யார், அக்கா?" என்று எங்களில் பலர் ஒரே குரலாய்க் கேட்டோம். அக்கா சிரித்துவிட்டார். "இதுவரை எந்தப் பள்ளிப் பிள்ளைகளும் இதைக் கேட்டதில்லை" என்றார். 1993இல் உடன் ஏறியவர் பெயர் ப்ரூக் சாண்டால். அதையும் எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் இன்னும் உயரமான பாறையில் ஏறுவதாகத் திட்டம். அடிவாரம் வரை போன பிறகு, விளிம்பின் கீழே கருநிறத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் தேனடை தொங்குவதை மாஸ்டர் கண்டார். கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்தோம். எங்களுக்கு ஏமாற்றந்தான். "பாறை இங்கேயே இருக்கும். நாம் இல்லாமற் போகக்கூடாது. அதோடு, இது அவற்றின் வீடு" என்றார். இராமநகரத்துக் கழுகுகளின் கதையை அப்போது சொன்னார். 1975இல் வெளிவந்த 'ஷோலே' இந்திப் படம் எடுக்கப்பட்ட பாறைகள் உள்ள ஊர் அது. 1990களில் தொடங்கி இந்தியாவின் பாறுக்கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மடிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. இராமநகரத்தில் எஞ்சியிருந்த கழுகுகளுக்காக 2012இல் இராமதேவர் மலை சரணாலயமாயிற்று. கூடுள்ள பாறையில் ஏறாதிருப்பது நல்ல மலையேறிகளின் ஒழுக்கம். முதல் நாள் பாறைக்கே திரும்பி, அன்று முழுவதும் ஏறினோம். அன்று உச்சி தொட்டவர்கள் பதினால்வர்.

அன்புத் தங்கையரே, அடுத்த ஆண்டு உங்கள் முறை. அனுபவத்தால் சில சொல்கிறோம். நகத்தை வெட்டிக்கொண்டு செல்லுங்கள். பாறை குளிர்ந்திருக்கும் காலையிலேயே ஏறுங்கள்; வெயிலேறினால் கை வியர்க்கும், பிடிப்புக் குறையும். முடிச்சை முதலில் பழகுங்கள். உச்சி தொட முடியாவிட்டால் வருந்தாதீர்கள். எங்களில் எட்டுப் பேர் தொடவில்லை. ஆனால் அந்த எண்மரும் கயிறு பிடித்தார்கள். அவர்கள் பிடித்ததால்தான் மற்றவர் தொட்டார்கள். ஏறுபவளைப் புகைப்படம் எடுப்பார்கள். பிடிப்பவளை யாரும் எடுப்பதில்லை. அவள் படத்துக்காகத் திரும்பவும் கூடாது. கண்ணை மேலிருந்து எடுக்கலாகாது. வீட்டிலும் பள்ளியிலும் இப்படி நமக்குத் தெரியாமல் நம் கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் எத்தனை பேர்!

கையெழுத்துக் கிடைக்காத 19 தோழியருக்காக எட்டு முடிச்சை வகுப்பிலேயே கற்றுக்கொடுத்து வருகிறோம். ஸ்கிப்பிங் கயிறு போதும். விருப்பமுள்ள தங்கையர் மதிய இடைவேளையில் வரலாம்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்